வில்லியம்ஸ்: தலைவர் வந்தாச்சு, டிரைவர் வந்தாச்சு, கார் எங்கே?

2026 ஜனவரி 26 முதல் 30 வரை, ஃபார்முலா 1-இன் புது விதிமுறைக் கார்களை ஓட்டிப் பார்க்க பார்சிலோனாவில் ஐந்து நாள் ஒதுக்கியிருந்தார்கள். அதில் எந்த மூன்று நாளை வேண்டுமானாலும் ஒரு டீம் எடுத்துக்கொள்ளலாம். மற்ற பத்து டீமும் ஏதோ ஒரு நிலையில் காரைக் கொண்டுவந்து உருட்டிவிட்டன. வில்லியம்ஸ் மட்டும் வரவே இல்லை. புதுக் காரான எஃப்டபிள்யூ48-இன் வேலை பின்தங்கிவிட்டது, குரோவில் உள்ள எங்கள் தொழிற்சாலையிலேயே காரை ரிக்கில் (சோதனை மேடையில்) ஏற்றிச் சோதித்துக்கொள்கிறோம், அடுத்த சோதனை நடக்கும் பஹ்ரைனில் பார்க்கலாம் என்று மூன்று நாள் முன்னதாக அறிவித்துவிட்டார்கள்.

உடனே ரசிகர்களிடையே இரண்டு கட்சி. "டீம் தலைவர் ஜேம்ஸ் வவுல்ஸ் மூன்று வருஷமாக வாயால்தான் டீம் கட்டினார்" என்று ஒரு தரப்பு. "சைன்ஸும் ஆல்பனும் டிரைவராக இருக்கும்போது என்ன கவலை" என்று இன்னொரு தரப்பு. இரண்டுமே ஆளை வைத்துப் பேசுகிற பேச்சு. இந்த டீமின் கடந்த பன்னிரண்டு சீசனை வரிசையாக எடுத்து வைத்துப் பாருங்கள். தலைவர் யார், ஸ்டியரிங் பிடித்தவர் யார் என்பதைவிட, கார் எந்தத் தேதியில் முடிந்தது, எத்தனை கிலோவில் முடிந்தது, அதோடு எத்தனை ஸ்பேர் வந்தது என்ற மூன்றும்தான் பெரும்பாலும் சீசனைத் தீர்மானித்திருக்கின்றன. 2026-ஐயும் அப்படித்தான் கணிக்கப் போகிறேன்.

முதலில் பழைய கணக்கு. 2013-இல் ரெனோ என்ஜினோடு வில்லியம்ஸ் எடுத்தது மொத்தம் 5 புள்ளி, ஒன்பதாம் இடம். 2014-இல் ஹைப்ரிட் விதிமுறை வந்தது, மெர்சிடிஸ் என்ஜினுக்கு மாறினார்கள், 320 புள்ளியோடு மூன்றாம் இடம். டிரைவர் மாஸா ஆஸ்திரியாவில் போல், அதாவது முதலாவதாகப் புறப்படும் இடத்தை, எடுத்தார். அந்த வருஷம் மெர்சிடிஸ் டீம் எடுக்காத ஒரே போல் அதுதான். டீம் மீண்டுவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள். உண்மையில் என்ஜின்தான் முன்னே இழுத்தது. மற்ற டீம்களின் என்ஜின் நெருங்கி வர வர புள்ளி இறங்கியது: 2015-இல் 257, 2016-இல் 138, 2017-இல் 83, 2018-இல் வெறும் 7. வளைவில் காரைப் பிடித்துவைக்கும் ஏரோ வேலையும் அதைச் செய்யும் தொழிற்சாலையும் பின்தங்கியிருந்ததை என்ஜின் நான்கு வருஷம் மறைத்துவைத்தது.

2019-ஐத்தான் இன்றைய நிலைமையோடு ஒப்பிட வேண்டும். பார்சிலோனா சோதனைக்கு எஃப்டபிள்யூ42 வந்து சேரவில்லை. இரண்டரை நாள் போனபிறகு மூன்றாம் நாள் மதியம்தான் டிரைவர் ரஸ்ஸல் முதன்முதலாக வெளியே போனார். மெர்சிடிஸில் பெயர் வாங்கி 2017-இல் இங்கே வந்த தொழில்நுட்பத் தலைவர் பேடி லோ, சீசன் தொடங்கும் முன்பே விலகி நின்றார். அந்த வருஷம் முழுக்க 1 புள்ளி, அதுவும் ஹாக்கன்ஹைமில் ஆல்ஃபா ரோமியோ கார்களுக்குத் தண்டனை கிடைத்ததால் இன்னொரு டிரைவர் குபிட்சாவுக்கு வந்தது. 2020-இல் பூஜ்யம். அந்த ஆகஸ்டில் வில்லியம்ஸ் குடும்பம் டீமை டோரில்டன் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது, அதுவரை டீமை நடத்திய கிளேர் வில்லியம்ஸ் மோன்ஸா ரேஸோடு கிளம்பினார். 2021-இல் தலைவராக யோஸ்ட் கபிட்டோ வந்தார், 2022 டிசம்பரில் அவரும் டெக்னிக்கல் டைரக்டர் டெமெசோனும் ஒரே நாளில் வெளியேறினார்கள். 2023 பிப்ரவரி 20-ஆம் தேதி மெர்சிடிஸின் ஸ்ட்ராடஜி தலைவர் வவுல்ஸ் வந்து உட்கார்ந்தார்.

(நம் ஊர் சம்பந்தம் ஒன்று: கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 2006, 2007-இல் இதே டீமுக்கு டெஸ்ட் டிரைவராக இருந்தார். அப்போது டீமின் பிரச்சினைகள் வேறு ரகம்.)

வவுல்ஸ் வந்து பார்த்தபோது கிடைத்ததுதான் அந்தப் பிரபலமான எக்செல் ஷீட். காரின் சுமார் 20,000 பாகங்களும் ஒரே எக்செல் கோப்பில் கிடந்தன. எந்தப் பாகத்துக்கு எவ்வளவு செலவு, செய்ய எத்தனை நாள், இப்போது எந்த மேஜையில் இருக்கிறது என்பதற்கெல்லாம் அதில் இடமே இல்லை. ஒரு முன் இறக்கை வேண்டும் என்றால் கேட்பதற்கு ஒரு பொருள். தொழிற்சாலைக்கு அது உலோகமும் கார்பனுமாக நானூறு சில்லறை. அதில் ஒரு பிராக்கெட் வராவிட்டால் மீதி 399-ம் அலமாரியில் காத்திருக்கும். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது பருப்பு எந்த அண்டாவில் வேகிறது என்று யாருக்கும் தெரியாத கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

கார்பன் பாகம் ஒன்று எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் தாமதம் எங்கே பிறக்கிறது என்பது புரியும். ஏரோ ஆட்கள் வடிவத்தை முடிவு செய்கிறார்கள். டிசைன் அலுவலகம் அதற்குள் எத்தனை அடுக்கு கார்பன் துணி, எந்தத் திசையில் போட வேண்டும், எங்கே தேன்கூட்டு அலுமினியம், எங்கே உலோக இன்செர்ட் என்று வரைபடம் வெளியிடுகிறது. அதன்பின் மாதிரி வடித்து, அதிலிருந்து அச்சு எடுக்க வேண்டும். அச்சில் ரெசின் ஊறிய துணியைக் கையால் அடுக்கடுக்காகப் படியவைத்து, காற்றை உறிஞ்சி, ஆட்டோகிளேவ் என்ற அழுத்த அடுப்பில் வேகவைப்பார்கள். சேஸி (காரின் நடு உடல்) போன்ற பெரிய பாகத்தை ஒரே தடவையில் வேகவைக்க முடியாது. வெளித்தோல் ஒரு தடவை, தேன்கூடு ஒட்ட இன்னொரு தடவை, உள்தோல் மறுபடி. பிறகு விளிம்பு வெட்டி, இன்செர்ட் ஒட்டி, அளவு பார்த்து, பாரம் ஏற்றிச் சோதித்து, அதற்குப் பிறகுதான் அசெம்பிளி. ஆட்டோகிளேவ் எத்தனை இருக்கிறதோ அத்தனைதான். ஏரோ ஆட்கள் "இன்னும் இரண்டு வாரம் கொடுங்கள், இன்னும் கொஞ்சம் டவுன்ஃபோர்ஸ் (காரைத் தரையில் அழுத்தும் காற்று விசை) கிடைக்கும்" என்று வரைபடத்தைத் தள்ளிப்போட்டால், கீழே உள்ள அத்தனை பேருக்கும் அந்த இரண்டு வாரம் போகும். தொடக்கத்தேதியை நகர்த்தலாம், 2026-இன் முதல் ரேஸான மெல்போர்ன் தேதியை நகர்த்த முடியாது.

நேரம் போதாதபோது இரண்டு விஷயங்களில் கைவைப்பார்கள். ஒன்று, எடை. அச்சு எடுத்துக் கார்பனில் செய்ய வேண்டியதை மெஷினில் கடைந்து உலோகத்தில் செய்துவிடுவார்கள், ஏனென்றால் சீக்கிரம் முடியும். அடுக்குகளை நுணுக்கிக் குறைக்க நேரமில்லாததால் சோதனையில் தோற்காத அளவுக்குத் தடிமனாகப் போட்டுவிடுவார்கள். ஒவ்வொன்றும் இருபது கிராம், ஐம்பது கிராம்தான், ஆனால் ஆயிரக்கணக்கான பாகம். இரண்டு, ஸ்பேர். முதல் காருக்கு வேண்டியதைச் செய்து முடிக்கவே மூச்சு வாங்கும்போது மூன்றாவது சேஸியை யார் செய்வது?

2024-இல் இந்த இரண்டும் சேர்ந்து வந்தன. குளிர்காலத்தில் பாகங்களைப் பின்தொடரும் முறையையும் மாற்றினார்கள், காரையும் அடியோடு மாற்றினார்கள். கார் கடைசி நிமிஷத்தில்தான் முடிந்தது. மூன்றாவது ரேஸான மெல்போர்னில் வெள்ளிக்கிழமை முதல் பயிற்சியிலேயே ஆல்பன் சுவரில் மோதி சேஸி உடைந்தது. ஸ்பேர் சேஸி இல்லை. எந்தத் தப்பும் செய்யாத இன்னொரு டிரைவர் லோகன் சார்ஜன்ட்டின் காரை எடுத்து ஆல்பனுக்குக் கொடுத்தார்கள். ஆல்பன் 11-ஆவது, அதாவது புள்ளி இல்லை. ஒரு டிரைவரின் மன உறுதியை விலையாகக் கொடுத்து ஒன்றும் வாங்காமல் திரும்பினார்கள். அடுத்து ஜப்பானுக்குப் போனபோதும் ஸ்பேர் சேஸி கிடையாது. "சார்ஜன்ட் சொதப்பினார்" என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடித்தால் மாற்றுப் பாகம் இல்லை என்று தெரிந்து ஓட்டுகிறவர் எல்லை வரை காரைக் கொண்டுபோக மாட்டார். போகாதவருக்கு நேரம் வராது.

எடை விஷயத்தை வவுல்ஸே பின்னால் ஒப்புக்கொண்டார்: 14 கிலோவுக்கும் மேல் கூடுதல், ஒரு லாப்புக்குச் சராசரியாக 0.45 வினாடி இழப்பு. பத்து கிலோவுக்கு 0.3 வினாடி என்ற வழக்கமான மனக்கணக்கோடு இது பொருந்துகிறது. 57 லாப் ஓடும் பஹ்ரைனில் கணக்குப் போட்டால் 25 வினாடிக்கு மேல், அதாவது ஒரு பிட் ஸ்டாப்பை இலவசமாகத் தானம் செய்துவிட்டு ரேஸ் தொடங்குவது போல. அதைவிட மறைவான இழப்பு ஒன்று உண்டு. குறைந்தபட்ச எடைக்குக் கீழே காரைக் கட்டும் டீம், மிச்சத்தை டங்ஸ்டன் கட்டிகளாகத் தரையோடு வேண்டிய இடத்தில் வைத்து, முன் பின் எடைப் பங்கீட்டைத் தடத்துக்கு ஏற்ப நகர்த்தும். எடை கூடிய காரில் வைக்கக் கட்டியே இருக்காது. டயர் சூடேறவில்லை, முன்பக்கம் பிடிக்கவில்லை என்று டிரைவர் புலம்பும்போது இன்ஜினியர் கையில் இருக்கிற மருந்துகளில் ஒன்று குறைகிறது.

சரி, சீசன் நடுவில் எடையைக் குறைக்கலாமே? குறைத்தார்கள். ஆனால் ஒவ்வொரு கிலோவும் ஒரு புதுப் பாகம். செலவு உச்சவரம்பு இருக்கும்போது, வேகம் கூட்டும் அப்டேட்டுக்குப் போக வேண்டிய பணம் ஜனவரியிலேயே சரியாகச் செய்திருக்க வேண்டிய பாகத்தைத் திரும்பச் செய்யப் போகிறது. அந்த ஆகஸ்டில் ஸான்ட்வோர்ட்டுக்குக் கொண்டுவந்த பெரிய அப்டேட்டை சார்ஜன்ட் சனிக்கிழமைப் பயிற்சியில் சுவரில் அடித்துக் கொளுத்தினார். அடுத்த ரேஸுக்கு அவருக்குப் பதிலாக ஃபிரான்கோ கொலபின்டோ வந்தார்.

கொலபின்டோ மாற்றத்தை டிரைவர் மாற்றத்துக்கு நல்ல பாடமாகச் சொல்வேன். வந்த வேகத்தில் பாக்குவில் 8-ஆவது, ஆஸ்டினில் 10-ஆவது, 5 புள்ளி. சார்ஜன்ட் மொத்தம் 36 ரேஸில் எடுத்தது 1. ஆளை மாற்றியது பலித்தது என்று தோன்றும். பிறகு பிரேசிலில் ஒரே ஞாயிற்றுக்கிழமை, காலையில் குவாலிஃபையிங்கில் (புறப்படும் வரிசையைத் தீர்மானிக்கும் சுற்றில்) கொலபின்டோ ஒரு தடவை, ஆல்பன் ஒரு தடவை, மதியம் ரேஸில் எல்லோரையும் மெதுவாக்க வரும் சேஃப்டி காருக்குப் பின்னால் கொலபின்டோ மறுபடியும் மோதினார். ஆல்பன் ரேஸைத் தொடங்கவே இல்லை. லாஸ் வேகாஸில் கொலபின்டோ இன்னொரு பெரிய மோதல். பாகத் தட்டுப்பாட்டில் இருக்கும் டீமுக்கு வேகமான புது டிரைவர் ஒரு சூதாட்டம். கடைசியில் 17 புள்ளி, ஒன்பதாம் இடம்.

இந்தப் பின்னணியில்தான் 2024 ஜூலையில் கார்லோஸ் சைன்ஸை எடுத்ததைப் பார்க்க வேண்டும். ஃபெராரி அவர் இடத்தை ஹாமில்டனுக்குக் கொடுத்துவிட்டது. ஆல்பைனும், ஆடி ஆகப்போகும் சாபரும் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தன. வேகத்துக்காக மட்டும் வில்லியம்ஸ் அவரை எடுக்கவில்லை. ஃபெராரியில் ஒரு பாகத்தின் வேலை எப்படி நடக்கிறது, சிமுலேட்டர் எங்கே பொய் சொல்கிறது, பிட் ஸ்டாப்பில் எது வழக்கம் என்று தெரிந்து, மேஜையில் உட்கார்ந்து "இது இங்கே இல்லை" என்று சொல்லக்கூடிய ஆள் அவர். தொழிற்சாலைப் பக்கம் ஆல்பைனிலிருந்து இன்ஜினியர்கள் பேட் ஃப்ரையும் பின்னால் மேட் ஹார்மனும் வந்ததும் அதே நோக்கம்தான்.

2025 புள்ளிக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கிறேன், ஏனென்றால் அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மொத்தம் 137: ஆல்பன் 73, சைன்ஸ் 64. ஹங்கேரி வரை ஆல்பன் 54, சைன்ஸ் 16. மோன்ஸா முடிந்தபோது ஆல்பன் 70. அதற்குப் பிறகு எட்டு வார இறுதிகளில் ஆல்பன் எடுத்தது 3 புள்ளி, அதுவும் ஆஸ்டினில் ஸ்பிரிண்ட் என்ற குட்டி ரேஸில். சைன்ஸ் அதே காலத்தில் 48. பாக்குவில் ஆறு சிவப்புக் கொடி காட்டிய குவாலிஃபையிங்கில் இரண்டாம் இடம், ரேஸில் மூன்றாவது. லாஸ் வேகாஸில் ஏழாவதாக முடித்து, மெக்லாரன் கார்கள் இரண்டும் காரின் அடியில் உள்ள தரைப்பலகையின் தேய்மானத்தால் நீக்கப்பட்டதில் ஐந்தாவது. கத்தாரில் ஏழாவதாகப் புறப்பட்டு மூன்றாவது. மெக்லாரன் இரண்டும் சேஃப்டி கார் வந்தபோது பிட்டுக்கு வராமல் தடத்திலேயே ஓடியது அங்கே கை கொடுத்தது. இந்த மூன்று ரேஸில் மட்டும் 40 புள்ளி.

ஐந்தாவதான வில்லியம்ஸுக்கும் ஆறாவதான ரேஸிங் புல்ஸுக்கும் இடைவெளி 45 புள்ளி. நான்காவதான ஃபெராரிக்கும் வில்லியம்ஸுக்கும் 261. ஆகவே "அடுத்த இலக்கு முதல் நான்கு" என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. சந்தர்ப்பம் வந்தபோது இரண்டு டிரைவரும் பிடித்துக்கொண்டார்கள், அது உண்மையான திறமை. ஆனால் அடுத்த வருஷம் அதே சந்தர்ப்பங்கள் வரும் என்று பட்ஜெட் போட முடியாது.

டீமின் ஒழுங்கு முன்னேறியிருக்கிறதா? பெரும்பாலும் ஆம், முழுக்க இல்லை. கனடாவிலும் ஆஸ்திரியாவிலும் அடுத்தடுத்து ஆல்பன் கார் கோளாறால் நின்றது. ஆஸ்திரியாவில் கூலிங் பிரச்சினை. அதே ரேஸில் சைன்ஸ் பிரேக் தீப்பற்றி ரேஸைத் தொடங்கவே இல்லை. சிங்கப்பூரில் இரண்டு காரும் குவாலிஃபையிங்கிலிருந்து நீக்கம். முந்துவதற்காகப் பின் இறக்கையைத் திறக்கும் டி.ஆர்.எஸ். திறக்கும்போது அந்த இறக்கையின் இடைவெளி 85 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, இவர்களுடையது தாண்டியது. டீம் தானே அளந்தபோது சரியாகத்தான் இருந்தது என்றார்கள். பிரச்சினையே அதுதான். பந்தயத்தை நடத்தும் அமைப்பான எஃப்.ஐ.ஏ. அளக்கும் விதத்திலேயே, அதே முறையில், பார்க் ஃபெர்மே நிலையில் (காரில் இனி கைவைக்கக் கூடாத நிலையில்) அளந்திருக்க வேண்டும். அரை மில்லிமீட்டரை எல்லையில் நிற்கவைத்தால் வெப்பமோ ஒரு சின்னப் பாகத்தின் தேய்மானமோ அதை வெளியே தள்ளிவிடும். 12-ஆவது, 13-ஆவது இடத்துக்காக இந்த ஆபத்தை எடுத்தது வீண். கடைசியிலிருந்து வந்து சைன்ஸ் பத்தாவது ஆனதால் பெரிதாகப் பேசப்படவில்லை.

இனி 2026. வில்லியம்ஸ் 2025 காரை மேம்படுத்துவதைச் சீக்கிரமே விட்டுவிட்டது என்பது ரகசியமில்லை, வவுல்ஸ் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு, காற்றை வீசிக் காரின் வடிவத்தைச் சோதிக்கும் விண்ட் டன்னலின் நேரக் கணக்கு முக்கியக் காரணம். எட்டு வாரக் காலம் ஒன்றுக்கு 320 ரன் (சோதனை ஓட்டம்) என்பது நூறு சதவீதம். புள்ளிப் பட்டியலில் முதல் இடத்துக்கு 70 சதவீதம், அடுத்தடுத்த இடத்துக்கு ஐந்து ஐந்தாகக் கூடி பத்தாம் இடத்துக்கு 115. 2026 காரின் ஏரோ வேலையை 2025 ஜனவரி 1-க்கு முன்னால் தொடக் கூடாது. 2024-இல் ஒன்பதாவதாக வந்ததால் 2025 முதல் பாதியில் வில்லியம்ஸுக்கு 110 சதவீதம், அதாவது 352 ரன். ஜூலையிலிருந்து ஐந்தாம் இடத்துக்கு உரிய 90 சதவீதம், 288 ரன். மெக்லாரனுக்கு 224-தான். ஒரு புது விதிமுறையின் அடித்தளத்தைப் போடுகிற ஆறு மாதத்தில் கிடைத்த அந்தக் கூடுதல் நேரம் பெரிய சொத்து. ஆல்பைன் 2025-இல் கடைசி இடம், அதனால் 2026 முதல் பாதியில் அவர்களுக்கு 368. அதுவும் மெர்சிடிஸ் என்ஜினோடு. என் கணிப்பில் வில்லியம்ஸின் நிஜமான போட்டியாளர் ஆல்பைன்தான், ஆஸ்டன் மார்ட்டின் அல்ல.

என்ஜின் பக்கம் கவலை குறைவு. மெர்சிடிஸ் என்ஜினை மெர்சிடிஸ், மெக்லாரன், வில்லியம்ஸ், ஆல்பைன் என நான்கு டீம் பயன்படுத்தும். விதிப்படி ஹார்ட்வேரும் இயக்க மென்பொருளும் எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் 2014-ஐப் போல "என்ஜின் காப்பாற்றும்" என்று இந்தத் தடவை நம்ப வேண்டாம். அப்போது மெர்சிடிஸ் டீமைத் தவிர, அதே என்ஜினை வாங்கிய மெக்லாரன் தடுமாறிக்கொண்டிருந்தது, மற்றது ஃபோர்ஸ் இந்தியா என்ற சிறிய டீம். இப்போது மெர்சிடிஸோடு, 2025 உலகச் சாம்பியன் டீமான மெக்லாரனும் அதே என்ஜினோடு நிற்கிறது. என்ஜின் நன்றாக இருந்தால் வில்லியம்ஸுக்கு முன்னால் குறைந்தது இரண்டு டீம் இருக்கும் என்றுதான் அர்த்தம்.

மின்சாரப் பக்கம்தான் பார்சிலோனாவைத் தவறவிட்டதன் விலை இருக்கிறது. புகையின் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுத்த எம்.ஜி.யு.-எச் போய்விட்டது. பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் எடுத்துத் திருப்பித் தரும் எம்.ஜி.யு.-கே முன்பு 120 கிலோவாட், இப்போது 350. எந்த வளைவில் எவ்வளவு மின்சாரம் சேமிப்பது, எந்த நேர்த்தடத்தில் எப்போது நிறுத்துவது, சேமிக்கும்போது பின் பிரேக் எப்படிக் கடிக்கும், டிரைவர் எங்கே காலை எடுப்பது என்பதெல்லாம் ஓட ஓடத்தான் படியும். என்ஜின் தயாரிப்பாளர் அடிப்படையைக் கொடுப்பார். ஆனால் அந்த பிரேக் உணர்வை அந்தக் காரில் அந்த டிரைவருக்கு ஏற்றவாறு திருத்துவது டீமின் வேலை. கூலிங் பாதையும் ஒவ்வொரு டீமின் சொந்த வடிவமைப்பு; போன வருஷம் இவர்கள் தடுமாறிய இடம் அது. ரிக்கில் வெப்பநிலையைப் பார்க்கலாம். ஆனால் இன்னொரு காரின் பின்னால் இருபது லாப் சூடான காற்றில் ஓடுவதை ரிக்கில் செய்ய முடியாது.

தாமதத்துக்கு வவுல்ஸ் கொடுத்த விளக்கம் ஓரளவு நியாயமானது. இந்தக் கார் தொழிற்சாலை இதுவரை கையாண்டதைவிட மூன்று மடங்கு சிக்கலானது, மோதல் சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன, பார்சிலோனாவுக்குப் போயிருக்கவும் முடியும், ஆனால் போனால் பஹ்ரைனுக்கும் மெல்போர்னுக்கும் ஸ்பேர் இல்லாமல் போகும் என்பது அவர் வாதம். 2024 மெல்போர்னை அனுபவித்தவர் இப்படி முடிவெடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ரிக்கில் ஓடிவிட்டு ஸ்பேரோடு வருவது, மூன்று நாள் தடத்தில் ஓடிவிட்டு ஸ்பேர் இல்லாமல் வருவதைவிட மேல். 2019-இல் இப்படி யோசிக்கக்கூட இடமிருக்கவில்லை. ஆனால் வந்து மூன்று குளிர்காலம் ஆனபிறகு, புது விதிமுறைக்காகவே ஒரு சீசனை ஒதுக்கியபிறகு, அந்த நிலைக்கு ஏன் வந்தது என்ற கேள்வி அவரிடம்தான் போக வேண்டும். மூன்று மடங்கு சிக்கலான காரை வடிவமைக்கலாம் என்று முடிவெடுத்ததும் அதே தலைமைதானே.

எடைக்கும் இதே கவலை. 2026 விதி குறைந்தபட்ச எடையை ஏறத்தாழ 30 கிலோ குறைத்திருக்கிறது. பேட்டரியும் மின்சாரப் பக்கமும் கனமாகியிருக்கும்போதே குறைக்கச் சொல்கிறது. கார் கவிழ்ந்தால் டிரைவர் தலையைக் காக்கும் ரோல் ஹூப் தாங்க வேண்டிய பாரம் கூடியிருக்கிறது, மூக்கு இரண்டு கட்டமாக நொறுங்க வேண்டும். எல்லா டீமும் எடையோடு மல்லுக்கட்டும். தாமதமாக முடித்த டீம் அதிகமாக மல்லுக்கட்டும்.

என் கணிப்பு: முதல் ஆறேழு ரேஸில் வில்லியம்ஸ் ஆறாவதிலிருந்து எட்டாவது வரை எங்காவது நிற்கும். எடை குறைந்து, பாகங்கள் நிறைந்தபிறகு, சீசன் முடிவில் ஐந்தாவதோ ஆறாவதோ. ஜூன் கடைசியில் பட்டியலில் கீழே இருந்தால் அதற்கேற்ப ஜூலையிலிருந்து விண்ட் டன்னல் நேரம் கூடும் என்பது சின்ன ஆறுதல். சைன்ஸின் ஒப்பந்தத்தில் 2025, 2026 இரண்டும் உறுதி, அதற்குமேல் விருப்பத்தேர்வு. ஆகவே கோடைக்குள் கார் நிமிரவில்லை என்றால் டிரைவர் மாற்றப் பேச்சு தானாக எழும். அப்போது யாரும் சேஸி தேதியை ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

பஹ்ரைனில் பிப்ரவரி 11 முதல் 13, 18 முதல் 20 என்று ஆறு நாள் இருக்கிறது. லாப் நேரத்தைப் பார்க்காதீர்கள், எரிபொருள் எவ்வளவு என்று தெரியாமல் அது வெறும் எண். லாப் எண்ணிக்கையைப் பாருங்கள்: ஒரு நாளில் இரண்டு ரேஸ் தூரம், அதாவது 114 லாப்பைத் தாண்டினால் கார் ஆரோக்கியம். காரின் உடம்பில் பெயிண்ட் இல்லாத கறுப்புக் கார்பன் எவ்வளவு என்று பாருங்கள். பெயிண்ட்டைச் சுரண்டுவது எடை கூடியதன் முதல் அறிகுறி. மதியத்துக்குப் பிறகும் சக்கரத்துக்குப் பின்னால் கம்பிக்கூண்டு மாதிரி சென்சார் வரிசையைக் கட்டிக்கொண்டு ஓடினால், விண்ட் டன்னல் சொன்னதும் தடம் சொல்வதும் இன்னும் ஒத்துப்போகவில்லை. இரண்டாவது சோதனையில் முன் இறக்கை புதிதா, பழையதா? மெல்போர்னில் மார்ச் 6 வெள்ளிக்கிழமை எஃப்.ஐ.ஏ. வெளியிடும் அப்டேட் பட்டியலில் வில்லியம்ஸ் வரிசையில் என்ன இருக்கிறது, அது இரண்டு காரிலும் இருக்கிறதா, ஆல்பனுக்கு மட்டுமா, சைன்ஸுக்கு மட்டுமா? ஒரு காரில் மட்டும் இருந்தால், ஸ்பேருக்காக பார்சிலோனாவை விட்டோம் என்ற விளக்கத்தை மறுபடி எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.